பம்படியில் கழுவிய பூட்ஸ்

மாமனார் தெவசத்துக்கு இலை வெட்டப் போய் ஒரு வாழைத் தோட்டத்தையே முடித்துவிட்டு வந்தவள் நான். இதை இப்படி நேராகச் சொல்லிவிடுவதுதான் நல்லது. சுற்றி வளைத்தால் எனக்கு நானே வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடுவேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அரசாங்கத்தில் குப்பை கொட்டியவளுக்கு அது கைவந்த கலை.

செடிகளுக்கு வரும் பூஞ்சை நோயைப் பார்ப்பதுதான் என் வேலை. வெளிநாட்டிலிருந்து வருகிற விதை, கன்று, கிழங்கு எதுவாக இருந்தாலும் எங்கள் சோதனைக்கூடத்தைத் தாண்டித்தான் நாட்டுக்குள் போக வேண்டும். விமான நிலையத்தில் பிடுங்குகிற சாமான்களும் எங்களிடம் வரும். மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிற அம்மாள் புடவை மடிப்புக்குள் ஈரத்துணி சுற்றி வெற்றிலைக் கொடி வைத்திருப்பாள். கேட்டால் "ஒண்ணே ஒண்ணுதானே மேடம்" என்பாள். இந்த "ஒண்ணே ஒண்ணு" காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடல் தாண்டிப் போன பயிர் நோய்களில் பாதி இப்படி ஒண்ணே ஒண்ணில் ஏறித்தான் போயிருக்கும்.

பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் எப்போதும் வாழை வாடலைத்தான் எடுத்துச் சொல்வேன். இந்தப் பூஞ்சை மண்ணில் உட்கார்ந்திருக்கும். வேர் வழியாக ஏறித் தண்ணீர் போகிற பாதையை அடைத்துவிடும். மரம் ஈரத்தில் நின்றுகொண்டே தாகத்தில் சாகும். மருந்து கிடையாது. ஒரு காலத்தில் மத்திய அமெரிக்காவில் தோட்டம் தோட்டமாகத் துடைத்துவிட்டுப் போனது. அதற்குத் தப்பிய வேறு வாழையைத் தேடிப் பிடித்து உலகம் முழுக்க நட்டார்கள். பிறகு அந்த வாழையையும் கொல்கிற புது வகை தென்கிழக்கு ஆசியாவில் தலைகாட்டியது. அங்கிருந்து ஆஸ்திரேலியா, ஜோர்டான், மொசாம்பிக், கொலம்பியா என்று கிளம்பிவிட்டது. நம் நாட்டில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் வந்து இறங்கியிருக்கிறது. கோதுமைத் துரு நோய் காற்றில் ஏறிக் கடல் தாண்டிவிடும், இது தாண்டாது. மனுஷன் காலில் ஒட்டிய மண், கன்றில் ஒட்டிய மண், வண்டிச் சக்கரத்தில் ஒட்டிய மண், இதுதான் இதற்கு வாகனம். "ஒரு ஸ்பூன் மண்ணு போதும், ஒரு ஜில்லாவை முடிக்க" என்று சொல்லி நிறுத்துவேன். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும்.

நான் முடித்துவைத்த தோட்டத்தின் சொந்தக்காரியைத் தில்லித் தமிழர்கள் எல்லோரும் இலைக்காரி என்றுதான் சொல்வார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம். கட்டட வேலைக்கு வந்த புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்துவிட, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக் காலம் தள்ளியவள். ஒரு தடவை ஊரிலிருந்து வரும்போது மூன்று கற்பூரவள்ளிக் கன்றுகளை ரயிலில் கொண்டுவந்து, யமுனைக் கரையில் காய்கறி போடுகிற ஒருவரிடம் ஓரமாக ஒரு துண்டு நிலம் கேட்டு வாங்கி நட்டாள். தில்லிக் குளிருக்கு வாழையாவது வருவதாவது என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். வந்தது. மூன்று கன்று தோப்பாயிற்று. கரோல் பாக் மெஸ்களுக்கும், கோல் மார்க்கெட் பக்கம் விசேஷ வீடுகளுக்கும் அவள் இலைதான் போயிற்று. பாத்திரம் தேய்ப்பதை விட்டாள். மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்தாள். என் பேருக்கு முன்னால் டாக்டர் இருப்பதால் என்னை டாக்டரம்மா என்று கூப்பிடுவாள். ஆரம்பத்தில் காய்ச்சலுக்கு மாத்திரைகூடக் கேட்டிருக்கிறாள். நான் செடிக்குத்தான் டாக்டர் என்றதும், "அப்ப எந் தோட்டத்துக்கு நீங்கதான்" என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் வீட்டுக்காரர் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தெவசத்துக்குக் கடையில் வாங்கிய இலையில் படைக்க மாட்டார்கள். வீட்டு ஆள் கை கால் கழுவிக்கொண்டு, மண் அழுக்கு இல்லாமல் போய், தன் கையால் வெட்டிவந்த தலைவாழை இலையாக இருக்க வேண்டும். அந்த ஆவணி மாதம் நான் பீகாரில் வாடல் கண்ட தோட்டங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ரயிலில் இருக்கும்போது அவர் போன் செய்தார்.

"நாளைக்கு அப்பா தெவசம். வர்ற வழியில இலை வெட்டிண்டு வந்துடு. கை கால் கழுவிட்டு வெட்டு."

"உங்க அப்பாவுக்கு நீங்க போய் வெட்டக் கூடாதா?"

"ஆபீஸ்ல ஆடிட். பையா இன்னிக்கு விடமாட்டேங்கறான்." அவர் தன் மேலதிகாரியை ஹிந்திக்காரர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி பையா என்றுதான் சொல்வார்.

பீகாரில் அந்தத் தோட்டத்தை விட்டு வெளியே வருகிற இடத்தில் கிருமிநாசினித் தொட்டி ஒன்று வைத்திருந்தார்கள். அதில் பூட்ஸை முக்கிக் கழுவிவிட்டுத்தான் வெளியே கால் வைக்க வேண்டும் என்பது சட்டம். தொட்டி காய்ந்து கிடந்தது. மருந்து வந்து சேரவில்லையாம். அங்கிருந்த அதிகாரிகளைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். திட்டிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பூட்ஸைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டிக்குள் போட்டேன். தில்லி போய்ச் சோதனைக்கூடத்தில் மருந்துத் தண்ணீரில் ஊறவைப்பதாகத்தான் எண்ணம். அதுவரைக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் நேராக யமுனைக் கரைக்குப் போனேன். முதல் நாள் கொட்டிய மழையில் தோட்டத்து வரப்பு முழுக்கக் கணுக்கால் சேறு. காலில் இருந்த செருப்போடு இறங்கியிருந்தால் செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பெட்டியில் பூட்ஸ்தான் இருக்கிறதே என்று எடுத்து மாட்டிக்கொண்டேன். அந்த நிமிஷம் நான் அதிகாரி இல்லை, தெவசத்துக்கு இலை வெட்ட வந்த மருமகள். இதைத் தவிர வேறு எந்தச் சமாதானமும் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை, இதுவும் சமாதானம் இல்லை.

தோட்டத்து நடுவில் கை பம்பு. சுற்றிலும் செங்கல் பாவியிருக்கும். அங்கே போய் நின்று, "இரு, கால் கழுவிக்கறேன், அப்பறம்தான் இலையைத் தொடணும்" என்றேன். இலைக்காரியே பம்பை அடித்தாள். நான் பூட்ஸைக் கழற்றித் தேங்காய் நாரால் தேய்த்தேன். அடியில் பள்ளம் பள்ளமாக இருக்குமே, அதில் காய்ந்து இறுகியிருந்த பீகார் மண்ணைக் குச்சியால் நோண்டி நோண்டி எடுத்துக் கழுவினேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. கழுவின தண்ணீர் பம்படியிலிருந்து சின்ன வாய்க்காலில் இறங்கி, முதல் வாழைக் கொத்தைத் தொட்டுக்கொண்டு வரிசையாக உள்ளே போயிற்று. அவள் தண்ணீரை ஒரு சொட்டு வீணாக்காதவள். பிறகு வெறுங்காலோடு செங்கல் மேல் நடந்து போய் ஐந்து இலை வெட்டினேன். மறுநாள் தெவசம் நன்றாக நடந்தது. இலை பச்சைப்பசேல் என்று இருக்கிறதே என்று சாஸ்திரிகள்கூடச் சொன்னார்.

மார்கழியில் அவள் போன் செய்தாள். "டாக்டரம்மா, பம்படி ஓரத்துக் கொத்துல அடி இலையெல்லாம் மஞ்சளா ஆவுது. ஒரு தபா வந்து பாக்கறீங்களா?"

"இந்தக் குளிருக்கு மனுஷனே மஞ்சளாயிடறான். வாழைக்குக் கேக்கணுமா. தை பொறந்தா சரியாயிடும், போ."

நாங்கள் குடியிருக்கிற லோதி ரோட்டிலிருந்து அவள் தோட்டம் அப்படி ஒன்றும் தூரம் இல்லை. மெட்ரோ பிடித்தால் போய்விடலாம். புகைமூட்டம், தொண்டைக்கட்டு, ஆபீஸ் என்று ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டு போகாமல் இருந்தேன். சோம்பேறித்தனத்துக்கு நான் வைத்த பேர் அனுபவம். வாழைக்குக் குளிர் மஞ்சளும் வாடல் மஞ்சளும் முதலில் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பதும் இதே வாய்தான்.

தையில் அவள் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு காவிரிக் கரையில், பரம்பரையாக வாழை போடுகிறவர்கள். பத்திரிகை வைக்க வந்தவள் ஒரு விஷயம் சொன்னாள். தன் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு கன்று எடுத்துப்போய் மாப்பிள்ளை வீட்டில் நடப்போகிறாளாம், அதுதான் அவள் செய்கிற சீராம்.

"வாழைக்காரங்க வீட்டுக்கு வாழையா? நல்ல ஆளு போ நீ" என்று கிண்டல் செய்தேன்.

"இருக்கட்டும் டாக்டரம்மா. அவங்க காட்டுல இல்லாத வாழையா. ஆனா எம் பொண்ணு என்னாத்த கொண்டாந்தான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும் இல்ல? டில்லியில எங்கம்மா தனி ஆளா போட்ட தோட்டத்துக் கன்னுன்னு அவ காட்டணும். பாத்திரம் தேய்க்கிறவ பொண்ணுன்னு எவனும் சொல்லக் கூடாது."

ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்தில் இரண்டு கோணி மூட்டை. வாடாமல் இருக்க அடி மண்ணோடு கட்டியிருந்தாள். பம்படிக் கொத்திலிருந்துதான் எடுத்தாளாம், அதுதான் தண்ணீர் குடித்துக் கொழுகொழு என்று இருக்குமாம். வேறு யாராவது அப்படி மண்ணோடு கன்று கொண்டுபோயிருந்தால் நடுப் பிளாட்பாரத்தில் வைத்துப் பிடுங்கியிருப்பேன். கல்யாணத்துக்குக் கிளம்புகிறவளிடம் அபசகுனமாக எதையும் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். மகள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "நல்லா இரு" என்றேன்.

சித்திரையில் மறுபடி போன் வந்தது. இந்தத் தடவை அவள் குரலே சரியில்லை. போய்ப் பார்த்தேன். பம்படி ஓரக் கொத்தில் இலைகள் எல்லாம் காம்பு ஒடிந்து தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கின. நடுக்குருத்து ஒன்று மட்டும் விறைத்து நின்றது. அடியில் தண்டு வெடித்திருந்தது. அடுத்த கொத்தும் அப்படியே, அதற்கடுத்ததும் பாதி அப்படியே. வாய்க்கால் எந்த வரிசையில் போனதோ அந்த வரிசையிலேயே வாடலும் போயிருந்தது. அரிவாளை வாங்கி ஒரு தண்டைக் குறுக்கே வெட்டினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய மட்டையில் செம்பழுப்பு வளையம் வளையமாக. பம்பைப் பார்த்தேன், செங்கலைப் பார்த்தேன், ஆவணி மாதம் மண்டைக்குள் வந்து நின்றது.

"என்னாது டாக்டரம்மா இது?"

"பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் ஒரு இலைகூட வெளியில போகக் கூடாது. நீயும் இந்த அரிவாளைக் கொண்டு வேற எங்கயும் வெட்டாதே."

சாம்பிளை நானே எடுத்துப்போய் நானே சோதித்தேன். அந்தப் புது வகைதான். பீகாரில் நான் பார்த்துவிட்டு வந்த அதே சனியன்.

அறிக்கைப் படிவத்தில் நோய் வந்த வழி என்று ஒரு கட்டம் உண்டு. அதில் "ஆய்வுக்குச் சென்ற அதிகாரியின் காலணி" என்று எழுதினேன். என் மேலதிகாரி கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல மனுஷர்தான். "மேடம், நிரூபிக்க முடியுமா? ஏன் வம்பு? தெரியவில்லை என்று போடுங்கள்" என்று ஹிந்தியில் பொறுமையாகச் சொன்னார். சண்டை போட்டேன். அரை மணி நேரம் போட்டேன். கடைசியில் "தெரியவில்லை" என்று திருத்தி வந்த தாளில் என் கையெழுத்தைப் போட்டேன். ஒவ்வொரு நாட்டிலும் நோய் எப்படி நுழைந்தது என்று படிக்கும்போதெல்லாம் இந்த "தெரியவில்லை"யைப் பார்த்து எரிச்சல் பட்டிருக்கிறேன். என்ன விஞ்ஞானிகளோ என்று ஏசியிருக்கிறேன். அத்தனையிலும் யாரோ ஒருவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அவளிடமாவது உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று மறுநாள் காலை போனேன். பம்படியில் இலைக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் நோயைப் பற்றிச் சொன்னேன். மரம் மொத்தமும் போகும், வெட்டி அங்கேயே குழியில் போட்டு மூட வேண்டும், இந்த மண்ணில் இனிமேல் வாழை வராது.

"எத்தினி வருஷத்துக்கு?"

"இருபது வருஷமானாலும் சொல்ல முடியாது."

பிறகு பூட்ஸைப் பற்றிச் சொன்னேன். அவள் பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். தூற்றியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தப் பன்னெண்டு கன்னு?"

நாலு நாளாக எனக்கு இதே நினைப்புதான். "இன்னும் ஒண்ணும் ஆகாம இருந்தா தோண்டி எரிச்சுடலாம். உடனே சொல்லணும்" என்றேன்.

"எந் தோட்டம் போனாப் போவுது டாக்டரம்மா. மறுபடியும் பாத்திரம் தேய்ச்சிக்குவேன். அங்க எம் பொண்ண வாழ வுடுவாங்களா? நீங்களே பேசுங்க. நீங்க படிச்சவங்க. உங்க மேலதான் தப்புன்னு அவங்களாண்ட சொல்லிடுங்க. அவ மேல எதுவும் வரக் கூடாது."

சொல்கிறேன் என்றேன். எனக்கும் அது ஒன்றுதான் செய்ய முடிகிற காரியமாகப் பட்டது. அவள் தன் போனிலிருந்தே சம்பந்தியைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தாள். போனை எடுத்தவர் சந்தோஷமாகப் பேசினார்.

"டெல்லி டாக்டரம்மாவா? சொல்லுங்கம்மா. மருமக உங்களப் பத்தி நெறையச் சொல்லும். கன்னெல்லாம் வாய்க்கா தலைமாட்ல வெச்சிருக்கோம். மொத மருவாதி அதுக்குத்தான். ரெண்டு மட்டும் மஞ்சளாச்சு. புடுங்கி வாய்க்கால்ல போட்டுட்டோம். மத்ததெல்லாம் ஜோரா நிக்குது."

அந்த வாய்க்கால் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். தன் காட்டுக்குப் பாய்ந்த பிறகு கீழே பங்காளிகள் காட்டுக்குப் போகிறது என்றார். நான் யார், என்ன வேலை, என்ன நடந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை, தப்பு முழுக்க என்னுடையது என்று மூன்று தடவை சொன்னேன். இலைக்காரி என் முகத்துக்கு நேராக நின்று ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் நிதானமாக ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இதப் பாத்துத் தடுக்கறதுக்குத்தான் உங்களுக்கு வேலையே, இல்லைங்களா?"

"ஆமாங்க."

"பாத்தீங்களா." அவர் குரல் உயரவே இல்லை. "சரிங்கம்மா. இருக்கறதத் தோண்டிடறோம். போன தண்ணிய என்ன செய்யறது? அந்தம்மாகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. மருமகள நாளைக்கு ரயில் ஏத்தி அனுப்பறோம். கொஞ்ச நாளைக்கு அங்க இருக்கட்டும்."

"அந்தப் பொண்ணு என்னங்க பண்ணுச்சு? நான்தான் சொல்றேனே, என் தப்புன்னு."

"நான் யாரு தப்புன்னும் சொல்லலீங்க. தங்கமான புள்ள. ஆனா நாளைக்கு பங்காளிங்க காடு காஞ்சுபோய் எங்க வாசல்ல வந்து நிப்பாங்க. டெல்லியில இருக்கற உங்களயா அவங்க வந்து பாக்க முடியும்? அந்தப் புள்ள மூஞ்சியத்தான் பாப்பாங்க."

போனை வைத்துவிட்டார். நான் அதைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்காமல் என்னையே பார்த்தாள்.

"என்னா சொன்னாரு?"

சொன்னேன். ஒரு வார்த்தையும் மாற்றாமல் சொன்னேன், தங்கமான புள்ள என்று அவர் சொன்னதையும் சேர்த்து. அவள் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நாளுன்னா எத்தினி நாளைக்காம்?"

அதை நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை.